வில்மா ஷிமோகவாவின் மொய் மேசை

ஹவாய்த் தீவு ஒன்றில் இருக்கிற எங்கள் வைஹனாவில் யாராவது கண்ணை மூடினால் முதல் போன் சவ அடக்கக் கம்பெனிக்குப் போகும், இரண்டாவது வில்மா ஷிமோகவாவுக்கு. பாதிரியார், புத்தர் கோயில் குரு எல்லாம் அப்புறம்தான். வில்மாவுக்கு ஆறுதல் சொல்ல வராது. “சரி. என்னைக்கு? கோயில் கூடமா, சர்ச் கூடமா? வாசல்ல தண்ணி ஒழுகுமா?” என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவாள். அழுதுகொண்டிருக்கும் வீட்டில், வாசல் ஒழுகுவதைப் பற்றிக் கவலைப்பட வேறு ஒருத்தி இருக்கிறாள் என்பதே பெரிய நிம்மதி.

அவள் வேலை மொய் மேசையில். சாவுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பது, கரும்புத் தோட்டத்துக் கூலிகளாக ஜப்பானியர் இந்தத் தீவுக்கு வந்தபோது கூடவே கப்பலேறி வந்த வழக்கம். இன்று போர்த்துகீசியர், பிலிப்பினோ, ஹவாய்க்காரர் என்று எல்லார் வீட்டிலும் அதுதான். கூடத்து வாசலில் மேசை போட்டு, வில்மா தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்த வெள்ளைத் துணியை விரிப்பாள். வருகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டு, குடையை உதறிவிட்டு, அவள் கையில் உறையைக் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிவாள். எல்லாம் முடிந்து மற்றவர்கள் சோற்று உருண்டையும் நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பின்னறையில் அந்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து உறைகளைப் பிரிப்பாள். யார், எவ்வளவு என்று எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். ஏனென்றால் வந்த மொய் கடன். கொடுத்தவர் வீட்டில் ஒரு சாவு விழும்போது அதே தொகையைக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். குறைந்தால் அவமானம், கூடினால் திமிர்.

பின்னறையில் பார்த்ததை வெளியே பேசக் கூடாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த வீட்டு மருமகன் வெறும் உறையை ஒட்டிக் கொடுத்தான், எந்தப் பெரிய மனிதர் தம் கூடப்பிறந்தவள் சாவுக்கே ஐந்து டாலர் வைத்தார் என்பதெல்லாம் வில்மாவுக்குத் தெரியும். “நான் ஒரு நாள் வாயைத் திறந்தா இந்த ஊர்ல கல்யாணம், பிறந்தநாள் எதுக்கும் ஒருத்தரும் ஒருத்தர் வீட்டுக்குப் போக மாட்டாங்க” என்பாள். சொல்லிவிட்டுத் தேங்காய் மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வாள், வாயை மூடுவதற்கென்றே.

அவள் அப்பா சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். வில்மா பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்து, அதே சமையலறைக்குப் பொறுப்பாளியாக ஓய்வு பெற்றாள். புருஷன் ஹேரி சாலை போடும் லாரி ஓட்டினான். ஒரே மகள் ட்ரேசி, இங்கே வீட்டு விலை கட்டுப்படியாகாமல் எங்கள் ஊர் இளசுகள் பாதிப் பேரைப் போல லாஸ் வேகாஸ் போய்விட்டாள். இவ்வளவுதான் வில்மாவின் கதை. இதில் அவளுக்கென்று அவள் சம்பாதித்து வைத்திருந்தது அந்த மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலி ஒன்றுதான்.

இன்னொரு ஆளும் எல்லாச் சாவுக்கும் வருவார். எங்கள் மாநில செனட்டர், கிளைடு ஃபுர்தாடோ. கறுப்புப் பூப்போட்ட சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்காருவார். முன்னால் கூப்பிட்டால் போக மாட்டார். பேசச் சொன்னால் பேச மாட்டார். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பியதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்குவார். “ஃபுர்தாடோ நாற்காலி மடக்கலைன்னா செத்தவன் எழுந்து வந்துடுவான்” என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வோம். அவருக்கு எதிராக நின்றவர்கள் எல்லாம் நன்றாகப் பேசினார்கள். நாற்காலி மடக்கத் தெரியாததால் தோற்றுப்போனார்கள்.

அவருடைய உறை கனமாக இருக்கும். இருபது, முப்பது வைக்கிற ஊரில் அவர் முந்நூறு வைப்பார். எல்லாம் மடிப்புக் கலையாத புது நோட்டு. பின்னறையில் அந்த உறையைப் பிரிக்கும்போது முதலில் எல்லார் முகமும் மலரும். சற்று நேரத்தில் வயசான ஒருவர், “ஐயோ, இதைத் திருப்பி வைக்கணுமே” என்பார். முகங்கள் மறுபடி சுருங்கும். வில்மா இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

ஹேரி சிறுநீரகம் பழுதாகி இறந்தபோது வில்மாவால் தன் மேசையில் உட்கார முடியவில்லை. பக்கத்தில் எப்போதும் உட்காரும் நோரீன் பஷேக்கோதான் அன்று வாங்கினாள். நோரீன் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி. செனட்டரின் தேர்தல் வேலைகளுக்கும் நோரீன்தான் எல்லாம். பின்னறையில் செனட்டரின் உறையைப் பிரித்து அவள் விசில் அடித்தாள்.

“ஹேரி லாரி ஓட்டினவன். அவனுக்கு எதுக்கு இவ்வளவு?” என்றாள் வில்மா.

“உன் மேல வச்சிருக்கற மரியாதைடி.”

“மரியாதைன்னா இருபது வச்சிருக்கலாம். இது பாரம்.”

“புருஷன் செத்த அன்னைக்கும் உனக்குக் குத்தம் கண்டுபிடிக்கணும்.”

அடுத்த வருஷம் ஃபுர்தாடோவின் அம்மா போய்ச் சேர்ந்தாள். தொண்ணூறைத் தாண்டிய கிழவி, இனிப்பு ரொட்டிக்குப் பேர் போனவள். யாருக்கும் பெரிய துக்கமில்லை. ஆனால் செய்தி பரவியதும் கடைத்தெருவில், தபால் நிலையத்தில், கோயில் வாசலில் ஆட்கள் அமைதியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. மேசைத் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு வில்மா அவர் வீட்டுக்குப் போனாள். வழக்கமாக அவள் செய்யாத ஒன்றைச் செய்தாள். யோசனை சொன்னாள்.

“செனட்டர், பேப்பர்ல இரங்கல் போடுவீங்கல்ல, அதுல கீழ ‘மொய் வேண்டாம்’னு ரெண்டு வார்த்தை போட்டுடலாமே. இப்பல்லாம் நெறைய பேர் போடறாங்க.”

ஃபுர்தாடோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வில்மா, நீ சொல்றது புரியுது. ஆனா அம்மா பழைய காலத்து மனுஷி. வர்றவங்க கையை நான் தட்டிவிட்டா அவ ஆத்மா என்னை மன்னிக்காது.”

அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. பேப்பரில் கிழவியின் படம் மட்டும் வந்தது.

ட்ரேசிக்கு அப்போது நிறைமாதம். வில்மா டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். பிரசவத்துக்கு முன்னால் போய், ஒரு மாதம் இருந்து சமைத்துப் போட்டு வருவதாகத் திட்டம். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, வந்த பணத்தை மொய்க்கென்று எடுத்து வைத்தாள். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மகளிடம் பேசியது, பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்கு வேலி தாண்டிக் கேட்டது. வேகாஸ் தூரம் என்பதால் கத்தித்தான் பேசுவாள்.

“அம்மா, அவரு செனட்டர். உன் பணம் அவருக்கு எதுக்கு?”

“அவருக்கு வேணாம்டி. எனக்கு வேணும், குடுக்கறதுக்கு.”

“பாதி வையேன். யாருக்குத் தெரியப் போகுது?”

“மேசைல உக்காந்திருக்கறவளுக்குத் தெரியும்.”

“மேசைல உக்காந்திருக்கறதே நீதானேம்மா!”

“அதைத்தான் சொல்றேன்.”

பேத்தி பிறந்தபோது வில்மா இங்கே இருந்தாள். போட்டோ வந்தது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள்.

அந்தச் சாவுக்கு வந்த கூட்டத்தை வைஹனா அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னறையில் ஃபுர்தாடோவே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளோடு உட்கார்ந்தார். உறைக்குப் பின் உறையாக முந்நூறு, முந்நூறு. சிலவற்றில் நோட்டுகள் பழசு, சில்லறை நோட்டாகச் சேர்த்து வைத்தது. சிலவற்றில் குறைவாக இருந்தது. அவற்றைப் பிரிக்கும்போது வில்மா கொஞ்சம் வேகமாக அடுத்ததற்குப் போனாள். ஃபுர்தாடோ எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணும் கலங்கியிருந்தது, நிஜமாகவே.

“எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க, பாத்தியா வில்மா” என்றார்.

இது நடந்து ஆறேழு மாதம் இருக்கும். தேர்தல் செலவுகளை மேற்பார்வையிடும் ஹொனலுலு ஆணையத்திலிருந்து ஒருவர் வந்தார். லியோங் என்று பேர், மெலிந்த ஆள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்று தெரிந்தவர். ஒரு பெட்டி பன்னு வாங்கி வந்திருந்தார். ஃபுர்தாடோவிடம் தோற்ற ஒருவர் புகார் கொடுத்திருந்தாராம். வில்மா காபி போட்டுக் கொடுத்தாள்.

“செனட்டர் சாவு வீடுகள்ல உறை குடுத்தாரா, மிசஸ் ஷிமோகவா?”

“ஊருக்கே தெரியுமே.”

“எவ்வளவு?”

“இந்தப் பன்னு நல்லாருக்கு. எங்க வாங்கினீங்க?”

லியோங் சிரித்துவிட்டார். “தொகையை அவரே சொல்லிட்டார், ஆன்ட்டி. மறைக்கலை. பிரச்சினை தொகை இல்லை. பிரசார நிதியிலேர்ந்து எடுத்து ரொக்கமா யாருக்கும் குடுக்கக் கூடாது. அதான் சட்டம்.”

வில்மா கோப்பையைக் கீழே வைத்தாள். “என்ன நிதி?”

“பிரசார நிதி. தேர்தலுக்குன்னு ஜனங்க குடுக்கற பணம். கம்பெனிக்காரங்க, யூனியன், உங்கள மாதிரி ஆளுங்க…”

“அது அவர் சொந்தப் பணம் இல்லையா?”

“இல்ல ஆன்ட்டி.”

அவர் நிதிக்காக நடந்த ஒவ்வொரு விருந்துக்கும் வில்மா பள்ளிக்கூடத்து அண்டாவில் நூடுல்ஸ் கிண்டிக் கொடுத்திருக்கிறாள், சும்மா. அதை அவள் லியோங்கிடம் சொல்லவில்லை. அவர் போன பிறகு பன்னுப் பெட்டியை வேலிக்கு மேலாக என்னிடம் கொடுத்துவிட்டாள். “எனக்கு இறங்கலை. நீ சாப்பிடு.”

அப்போதும் அவள் வாயைத் திறப்பதாக இல்லை. தப்பு செய்தார், அபராதம் கட்டுவார், முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஒரு வாரம் கழித்துக் காலையில் நான் பப்பாளி கொடுக்கப் போனபோது பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபுர்தாடோ பேட்டி கொடுத்திருந்தார். விதியைச் சரியாகப் புரிந்துகொள்ளாதது தன் பிழையாம், மன்னிக்க வேண்டுமாம். “ஆனால் என் மனசாட்சி சுத்தம். நான் அன்பினால் கொடுத்தேன். அதில் ஒரு சென்ட் கூட என்னிடம் திரும்பி வரவில்லை” என்று சொல்லியிருந்தார்.

“ஒரு சென்ட் கூடத் திரும்பி வரலையாம்” என்றாள் வில்மா.

“அரசியல்வாதிங்க பேச்சு. அதைப் போய்ப் படிச்சுக்கிட்டு.”

“அப்போ நான் ட்ரேசிகிட்ட போகாம இங்க உக்காந்திருந்தது எதுக்கு?”

நான் பப்பாளியை மேசையில் வைத்தேன். அவள் பேப்பரை மடித்து, குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த பேத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து லியோங்குக்குப் போன் செய்தாள்.

விஷயம் எப்படியோ நோரீனுக்குப் போய்விட்டது. சாயங்காலமே மழையில் நனைந்துகொண்டு வந்தாள். நான் அப்போது வில்மா வீட்டுத் தாழ்வாரத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகலாமா என்று பார்த்தேன். இருவரும் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

“நீ ஹொனலுலு போய் சாட்சி சொல்லப் போறியாமே. என்னத்தடி சொல்லுவ?”

“அவர் குடுத்தது அவர்கிட்டயே திரும்பி வந்துச்சுன்னு சொல்லுவேன். ஜனங்க தேர்தலுக்குக் குடுத்த பணத்தை எடுத்து மொய் வச்சார். ஜனங்க தங்க கைக்காசைப் போட்டுத் திருப்பி வச்சாங்க. அது அவர் பைக்குப் போச்சு. அவ்வளவுதான்.”

“அவர் என்ன கேட்டா வாங்கினாரு? அது வழக்கம்!”

“வழக்கம் தெரியாதவரா அவரு? வேண்டாம்னு ரெண்டு வார்த்தை போடச் சொன்னேன். போடலை.”

“மேசைல பாத்ததை வெளிய சொன்னவள்னு உன்னை இந்த ஊரு என்ன பண்ணும் தெரியுமா? ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. உனக்கு அதை விட்டா வேற என்னடி இருக்கு?”

இதைச் சொல்லிவிட்டு நோரீனே கொஞ்சம் பயந்துபோனாள். வில்மா அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

“தலையைத் துவட்டிக்கோ. யார் பேரையும் சொல்ல மாட்டேன். என் உறையைப் பத்தி மட்டும் சொல்லுவேன். என் வாய், என் உறை.”

“ஒரு உறைக்கு ஒரு செனட்டரா?”

“அவர் பேப்பர்ல பொய் சொல்லாம இருந்திருந்தா அதுவும் இல்லை.”

விசாரணை ஹொனலுலுவில் ஒரு சாதாரணக் கட்டடத்தில், குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும் அறையில் நடந்தது. துணைக்கு நான் போனேன். ஆணையத்தின் தலைவி நரைத்த குட்டை முடிக்காரி, மரியாதையான பெண். ஃபுர்தாடோ எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து வில்மாவைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அவருடைய வழக்கறிஞர் பளபளக்கும் ஷூவோடு உட்கார்ந்திருந்தார். அவர் சம்பளமும் பிரசார நிதியிலிருந்துதான் என்று பிறகு லியோங் சொன்னார். அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதாம். செத்தவர் வீட்டில் வைத்தால் தப்பு, வழக்கறிஞர் வீட்டில் வைத்தால் சரி.

வில்மா சொல்ல வந்ததைச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வரிசையில் நிற்கச் சொல்லும் குரலில், தெளிவாக. வழக்கறிஞர் எழுந்தார்.

“திரும்பி வந்ததுன்னு சொல்றீங்க. யார் யார் வீட்டு உறை?”

“என் வீட்டு உறை.”

“மத்தவங்க?”

“சொல்ல மாட்டேன்.”

“ஞாபகம் இல்லையா?”

“சொல்ல மாட்டேன்னு சொன்னேன்.”

“அதாவது, உங்க ஒருத்தர் உறையை வச்சு இந்த ஆணையம் ஊர் முழுக்க…”

“அவரையே கேளுங்களேன். பக்கத்துலதான உக்காந்திருக்காரு. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தாரே.”

அறையில் யாரோ சிரித்தார்கள். ஃபுர்தாடோ எழுந்தார். “வில்மா எங்க குடும்பத்துல ஒருத்தி. எங்க அம்மாவை வழியனுப்பின கை அது. அவ மனசு நொந்திருந்தா நான் இந்த இடத்துல, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுக்கறேன்.” பணம் வந்ததா, வரவில்லையா என்று அவர் சொல்லவே இல்லை. யாரும் மறுபடி கேட்கவும் இல்லை.

தலைவி பேனாவை மூடினாள். “மிசஸ் ஷிமோகவா, நீங்க இவ்வளவு தூரம் வந்ததுக்கு நன்றி. ஆனா எங்க அதிகாரம் அவரோட நிதியிலேர்ந்து பணம் வெளிய போற வாசல் வரைக்கும்தான். அப்புறம் அது எந்த வீட்டுக்குப் போயி, எந்த வழக்கப்படி எங்க வந்துச்சுங்கறது தனிப்பட்ட விஷயம். அதை நாங்க பாக்க முடியாது.”

“அதாம்மா விஷயமே” என்றாள் வில்மா.

“எனக்குப் புரியுது” என்றாள் தலைவி. அவளுக்கு நிஜமாகவே புரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதனால் ஒன்றும் மாறவில்லை.

தீர்ப்பு இதுதான்: சாவு வீடுகளில் கொடுத்த தொகையை ஃபுர்தாடோ சொந்தக் கையிலிருந்து பிரசார நிதியில் திருப்பிக் கட்ட வேண்டும், மேலே ஒரு சின்ன அபராதம். விமான நிலையத்துக்கு லியோங்கே எங்களைக் கொண்டுவந்து விட்டார். நாங்கள் இறங்கும்போது அவர் சொன்னார்:

“நீங்க நாலே நாலு பேரோட பேரைச் சொல்லியிருந்தா, ஆன்ட்டி. அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருப்போம்.”

“சொல்லியிருக்கலாம்” என்றாள் வில்மா. “அப்புறம் நான் யாரு?”

பேர் சொல்லாததற்காக ஊர் அவளைப் பாராட்டவில்லை. ‘மொய் மேசைப் பெண் சாட்சியம்’ என்று பேப்பரில் வந்தது. அது போதுமாக இருந்தது. இன்றைக்கு செனட்டர் உறை, நாளைக்கு நம் உறை என்றார்கள். ஃபுர்தாடோவின் அம்மாவுக்குக் குறைத்து வைத்தவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். கடையில் வில்மாவைக் கண்டால் சோப்பு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் அவள் தோற்றாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பிடித்திருக்காது.

பிறகு கோழி வந்தது. செனட்டர் அபராதத்துக்கு ஊர் உதவ வேண்டும் என்று நோரீன் ஏற்பாடு செய்த சுட்ட கோழி விற்பனை. பூங்காவில் கரி அடுப்பு மூட்டி, வரிசை வரிசையாகக் கம்பியில் கோழிகளைச் சுற்றி எடுப்பார்கள், டிக்கெட் முன்கூட்டியே விற்கும். டிக்கெட் கட்டோடு நோரீன் வில்மா வீட்டுக்கும் வந்தாள். வராமல் விட்டால் இன்னும் மோசம் என்று நினைத்தாளோ, நட்பு என்று நினைத்தாளோ, தெரியவில்லை.

“பாவம்டி அந்த மனுஷன்” என்றாள். “திருப்பிக் கட்ட எங்க போவாரு? அம்மா சாவுக்கு வந்த மொய்ப் பணம் இருக்கு பாரு, அதை அப்படியே எடுத்துக் கட்டிட்டாரு. அம்மா பணம்! அழுதுட்டாரு. இப்ப அபராதம் மட்டும் பாக்கி.”

வில்மா அவளையே பார்த்தாள். நான் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் கையில் ஈரத் துணி அப்படியே நின்றது.

“அம்மா சாவுக்கு வந்த பணத்தையா?”

“ஆமா.”

“நீ வச்சது, நான் வச்சது?”

“அதான் சொல்றேனே, எல்லாத்தையும்.”

“எங்க கட்டினாரு? பிரசார நிதியிலயா?”

“வேற எங்க கட்டுவாரு? ஆணையம் அங்கதான கட்டச் சொல்லிச்சு.” நோரீனுக்கு இதில் ஒன்றும் உறைக்கவில்லை. கண்ணில் செனட்டருக்கான ஈரம்தான் இருந்தது. “ரெண்டு டிக்கெட் எடுத்துக்கோ. ஒண்ணு பத்து டாலர்.”

வில்மா ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டாள். பணத்தைக் கொடுத்தாள். “கோழியை நல்லா வேக வைக்கச் சொல்லு. போன தடவை எலும்புகிட்ட ரத்தமா இருந்துச்சு” என்றாள். நோரீன் போன பிறகு என்னிடம் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கத் தொடங்கினாள். நெடுநேரம் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை.

அந்த நவம்பரில் ஃபுர்தாடோ முன்பைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார். சாலையோரம் நின்று அவர் பேர் எழுதிய அட்டையை ஆட்டியவர்களில் சோப்பு அலமாரிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

ஜனவரியில் தபால்காரர் டொமிங்கோ போனார். எல்லார் வீட்டு வாசலையும் மிதித்த மனுஷன், ஊரே வரும் சாவு. வில்மாவின் போன் அடிக்கவில்லை. அதற்கு முன்னும் இரண்டு சாவுக்கு அடிக்கவில்லை. அவை சின்னக் குடும்பங்கள், வெளியூரில் அடக்கம் என்று காரணம் சொல்லிக்கொள்ள முடிந்தது. டொமிங்கோவுக்கு அப்படி ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அன்று பகல் முழுக்க அவள் மேசைத் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் டொமிங்கோவின் பேத்தி வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“ஆன்ட்டி, நோரீன் ஆன்ட்டி அனுப்பினாங்க. அந்த வெள்ளைத் துணி வேணுமாம்.”

“துணி மட்டுமா?”

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமா ஆன்ட்டி. மேசைல அவங்க உக்காந்துக்கறாங்களாம்.”

வில்மா உள்ளே போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தாள். “இது என்னோட துணி கண்ணு. நான் போற மேசைக்குத்தான் அது போகும்னு நோரீன்கிட்ட சொல்லு. உங்க தாத்தா நல்ல மனுஷன். எனக்கு வர்ற லெட்டரை ஒரு நாளும் மழையில நனைய விட்டதில்லை.”

அவள் அதைச் சொன்னபோது, நாளைக்குத் துணியில்லாமல் அந்த மேசை எப்படி நிற்கும், எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தாள். எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் எதிர்பார்த்தேன்.

மேசையில் நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று கிடந்தது, பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு வாங்குவது. மூலையில் பலூன் படம் கூட இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. குடையை உதறினார்கள், உறையைக் கொடுத்தார்கள், உள்ளே போனார்கள். வரிசையில் வில்மா எனக்கு முன்னால் நின்றாள். நோரீன் இரண்டு கையாலும் அவள் உறையை வாங்கித் தலை குனிந்தாள். “நன்றி” என்றாள், யாரோ ஒருத்திக்குச் சொல்வதுபோல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப் பெண், “உங்க பேரு, விலாசம் ஆன்ட்டி?” என்று கேட்டாள். வில்மா எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

பூசை முடிந்தது, சாப்பாடு முடிந்தது. வில்மா தட்டை எடுக்கவில்லை. நடு வரிசையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைய, ஃபுர்தாடோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து மடக்கத் தொடங்கினார். இரும்பு நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் படார் படார் என்று மூடிக்கொண்டன. இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். கடைசியில் கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி நின்றது.

அவர் அதன் பின்னால் வந்து நின்றார். முதுகுச் சாய்வில் மெதுவாகக் கையை வைத்தார். பழைய அன்பு குரலில் கொஞ்சமும் குறையவில்லை.

“எப்படியிருக்க, வில்மா? பேத்தி நடக்கறாளா?”

“நடக்கறாளாம்.”

“சந்தோஷம். எழுந்துக்கறியா? இது ஒண்ணுதான் பாக்கி.”

“எனக்குக் கால் வலிக்குது, செனட்டர். நான் உக்காந்திருக்கேன்.”

“சரி சரி, மெதுவா.”

அவர் நின்றார். வாசலில் நோரீன் பிளாஸ்டிக் விரிப்பை உதறி மடித்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தாள். டொமிங்கோ வீட்டார் பின்னறையிலிருந்து வெளியே வந்து, அங்கேயே நின்றுவிட்டார்கள். மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. ஃபுர்தாடோ ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு தடவை எங்களைப் பார்த்துச் சிரித்தார். யாரோ விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள். வில்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உறை வாங்குகிறவளைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.